நினைவு மலரில் அரைப்புள்ளி: இடலாமா, எங்கே இடலாம்?

உப்புவெளி மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் இம்மாதத் தொடக்கத்தில் காலமானார். 31 ஆம் நாள் கிரியைகளுக்கு வரும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் வழங்குவதற்காக ஒரு நினைவு மலர் அச்சிடுகிறோம். பிள்ளைகளுள் திருகோணமலையில் இருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால், வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆறு பக்கங்கள் எழுதினேன். முதல் மெய்ப்பு நேற்று அச்சகத்திலிருந்து வந்தது. எழுத்துப் பிழைகள் மிகக் குறைவு. ஆயினும், நான் இட்டிருந்த அரைப்புள்ளிகளுள் ஒன்றுகூட அதில் இல்லை. சில இடங்களில் அவை காற்புள்ளியாகவும் சில இடங்களில் முற்றுப்புள்ளியாகவும் மாற்றப்பட்டிருந்தன. தொலைபேசியில் கேட்டபோது, மெய்ப்புப் பார்த்தவர், "அது ஆங்கிலத்துக்கு உரியது, தமிழுக்குத் தேவையில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எனக்கு இது சிறிய விடயமாகத் தோன்றவில்லை. அப்பாவைப் பற்றி அச்சில் வரப்போகும் எழுத்து இது ஒன்றுதான். ஆகவே நான்கு இடங்களை இங்கே தருகிறேன்.

முதலாவது, நான் எழுதியது: "அப்பா விடியுமுன் கடற்கரைக்குப் போவார்; கரைவலை இழுப்பவர்களோடு தானும் ஒரு கை பிடிப்பார்; பங்கு கேட்கமாட்டார்." இந்த வாக்கியத்தில் இருந்த இரண்டு அரைப்புள்ளிகளும் காற்புள்ளிகளாகிவிட்டன.

இரண்டாவது: "அவர் அதிகம் பேசமாட்டார்; பேசினால் அதற்கு மறுபேச்சு இருக்காது." இதை முற்றுப்புள்ளி இட்டு இரண்டு வாக்கியங்களாக்கிவிட்டார்கள்.

மூன்றாவது: "1990 இல் இடம்பெயர்ந்து; இரண்டு ஆண்டுகள் முகாமில் தங்கி; மீண்டும் உப்புவெளிக்கே வந்து; இடிந்த வீட்டை அதே அத்திவாரத்தின் மேல் கட்டினார்." இங்கேயும் காற்புள்ளிகளே வந்துள்ளன.

நான்காவது, பிள்ளைகளின் விபரம்: "உப்புவெளியில் மூத்த மகள், மருமகன், பேர்த்தி; கனடாவில் மகன், மருமகள், பேரன்மார் இருவர்; மட்டக்களப்பில் இளைய மகள், மருமகன்." இதில் எல்லாமே காற்புள்ளிகளாகி, யார் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே குழம்பிப்போய்விட்டது.

தமிழில் அரைப்புள்ளி இடுவது தவறா? தவறில்லை என்றால், எங்கே இட வேண்டும், எங்கே இடக்கூடாது? நாளை மறுநாள் மெய்ப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.


மூதூர்த் தமிழாசிரியர் (ஓய்வு):

பிள்ளை, முதலில் உங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

நீங்கள் தந்த நான்கு இடங்களுள், முதலாவதிலும் நான்காவதிலும் மெய்ப்பாளர் செய்தது பிழை. இரண்டாவது, எழுதுபவரின் விருப்பத்துக்கு உரியது. மூன்றாவதில் பிழை உங்களுடையது. அவர் செய்த திருத்தமே சரி. இதை ஏன் சொல்கிறேன் என்பதற்குக் குறியைவிட வினையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ் வாக்கியத்தில் வினை இரண்டு விதமாக நிற்கும். ஒன்று முற்று, அது தன்னளவில் நிறைந்து நிற்கும். மற்றையது எச்சம், அது இன்னொரு சொல்லைத் தேடிக்கொண்டு நிற்கும். "இடம்பெயர்ந்து" என்று சொன்னவுடனேயே கேட்பவர் "இடம்பெயர்ந்து என்ன செய்தார்?" என்று காத்திருப்பார். அந்தச் சொல்லின் ஈற்றிலேயே அடுத்த வினையோடு சேரும் கை நீண்டிருக்கிறது. அந்தக் கையின் மேல் அரைப்புள்ளியை இடுவது, சொந்த வளவுக்குள்ளேயே வேலி அடைப்பது போன்றது. "இடம்பெயர்ந்து, இரண்டு ஆண்டுகள் முகாமில் தங்கி, மீண்டும் உப்புவெளிக்கே வந்து" என்று காற்புள்ளி இட்டால் போதும். அந்தக் காற்புள்ளிகூட வாக்கியம் நீளமாக இருப்பதால்தான் வேண்டியிருக்கிறது. "வந்து கட்டினார்" என்ற அளவில் குறுகியிருந்தால் எந்தக் குறியும் வேண்டாம்.

முதலாவது வாக்கியம் அப்படிப்பட்டதன்று. "போவார்", "பிடிப்பார்", "கேட்கமாட்டார்" ஆகிய மூன்றும் முற்றுகள். எழுவாய் ஒன்று, பயனிலை மூன்று. பள்ளிக்கூடத்தில் அரைப்புள்ளிக்கு முதலில் கற்பிக்கும் இடமே இதுதான்: ஓர் எழுவாய் பல முற்றுகளைக் கொண்டு முடியும்போது, இடையில் வரும் முற்றுகளின்பின் அரைப்புள்ளி இட வேண்டும். வாய்பாடாகக் கற்பித்தோமே தவிர, அதன் காரணத்தை வகுப்பில் விளக்கியவர்கள் குறைவு. அதனால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

"போவார்" என்பதை வினைமுற்றாகக் கொண்டால் "அவர் போவார்" என்று பொருள். அதே சொல்லை வினையாலணையும் பெயராகக் கொண்டால் "போகின்றவர்கள்" என்று பொருள். "உழுவார் உலகத்தார்க்கு ஆணி" என்ற குறளில் வரும் "உழுவார்" முற்று அன்று, பெயர். உழுகின்றவர்கள் என்பது அதன் பொருள். எழுத்தளவில் இரண்டுக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. இனி, மெய்ப்பில் வந்ததை மெதுவாக வாசித்துப் பாருங்கள்: "கடற்கரைக்குப் போவார், கரைவலை இழுப்பவர்களோடு தானும் ஒரு கை பிடிப்பார், பங்கு கேட்கமாட்டார்." காற்புள்ளி என்பது பெயர்களை அடுக்குவதற்கு நாம் நாள்தோறும் இடும் குறி. ஆகவே, போகின்றவர்களும் பிடிக்கின்றவர்களும் பங்கு கேட்கமாட்டார்கள் என்று ஒரு கணம் பொருள் தடம் மாறுகிறது. முன்னே "அப்பா" என்ற எழுவாய் இருப்பதால் வாசகர் திரும்பி வந்து சரியான பொருளைப் பிடித்துக்கொள்வார். ஆனால் அப்படித் திரும்பி வரும் வேலையை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? எழுவாய் தோன்றாமல் நிற்கும் வாக்கியமாக இருந்தால், திரும்பி வருவதற்கும் வழி இருக்காது. அரைப்புள்ளி இட்டால், "இது முற்று, பெயர் அன்று" என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பெயர்ப் பயனிலையிலும் இதே நிலைதான். "மூத்தவர் ஆசிரியர்; இளையவர் மீனவர்" என்ற வாக்கியத்தில் வினையே இல்லை. அரைப்புள்ளியை எடுத்துக் காற்புள்ளி இட்டால், மூத்தவர், ஆசிரியர், இளையவர், மீனவர் என்று நால்வர் வரிசையாக நிற்பது போல ஆகிவிடுகிறது. வினை இல்லாமலே வாக்கியம் முடியக்கூடிய ஒரு மொழிக்கு, அது எங்கே முடிந்தது என்று காட்டும் குறி தேவைப்படும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினை இருந்தே ஆக வேண்டும். இந்த வகையில் பார்த்தால், அரைப்புள்ளி ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழுக்கே கூடுதலாக உதவுகிறது என்பது என் துணிபு.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். "அவர் அதிகம் பேசமாட்டார்." இங்கே முற்று முடிந்தது, முற்றுப்புள்ளி இட இலக்கணம் இடம் தருகிறது. ஆனால் "பேசினால்" என்று அடுத்து வருவது, எழுவாயையும் முன்னதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கருத்தும் முன்னதன் மேல்தான் சாய்ந்து நிற்கிறது. நாங்கள் மாணவராக இருந்த காலத்தில், காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை நிறுத்தி வாசிக்குமாறு பழக்கினார்கள். கால், அரை, முக்கால், முழு என்ற பெயர்களே அந்த அளவைச் சொல்கின்றன. உங்கள் வரலாறு 31 ஆம் நாள் சபையில் வாசிக்கப்படும் அல்லவா? வாசித்துப் பார்த்து, இரண்டு மாத்திரை போதுமா, நான்கு வேண்டுமா என்று நீங்களே தீர்மானியுங்கள். என்னைக் கேட்டால், அரைப்புள்ளியை விட்டுவைப்பேன்.


எழுத்துக்கோப்பாளர்:

ஆசிரியர் ஐயா இலக்கணத்தைச் சொல்லிவிட்டார். நான் அச்சகத்துப் பக்கத்தைச் சொல்கிறேன். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் தொழில் பழகி, பின்னர் கணினிக்கு மாறியவன் நான். மெய்ப்பாளர் "தமிழுக்குத் தேவையில்லை" என்று சொன்னதற்கு, அவர் அறியாமலே வேறொரு காரணமும் இருந்திருக்கலாம்.

எங்கள் பகுதியில் அச்சகங்களும் அலுவலகங்களும் நீண்ட காலம் பாமினி எழுத்துருவிலேயே வேலை செய்தன. இன்றும் பலர் அதை விடவில்லை. அந்த எழுத்துருவில், விசைப்பலகையில் அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தை அழுத்தினால், மெய்யெழுத்தின் தலைமேல் இடும் புள்ளி விழும். "தமிழ்" என்ற சொல்லின் கடைசிப் புள்ளியும், "கண்" என்ற சொல்லின் புள்ளியும் அந்த விசையிலிருந்துதான் வருகின்றன. தமிழில் மெய்யெழுத்து இல்லாத வரியே கிடையாது என்பதால், ஒரு பக்கத்தைத் தட்டி முடிப்பதற்குள் அந்த விசையை நூற்றுக்கணக்கான முறை அழுத்திவிடுவோம். உண்மையான அரைப்புள்ளி வேண்டுமென்றால் அதை வேறிடத்தில் தேடி எடுக்க வேண்டும். அவசர வேலையில் யார் தேடுவார்கள்? காற்புள்ளியை இட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆண்டுக்கணக்காக அப்படிச் செய்த கை, பிறகு அதையே விதி என்று நம்பத் தொடங்கிவிடும்.

ஒரு முறை நேரில் கண்டதைச் சொல்கிறேன். நான் வேலை செய்த ஓர் அச்சகத்தில், ஒரு விழா மலருக்கு இறுதி மெய்ப்பு முடிந்த நிலையில், "அரைப்புள்ளிகள் எல்லாவற்றையும் காற்புள்ளியாக்கு" என்று பொறுப்பாளர் சொன்னார். புதிதாகச் சேர்ந்த தம்பி, தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்து, ஒரே தட்டில் முழுக் கோப்பையும் மாற்றிவிட்டார். அந்த எழுத்துருவில் அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியும், காற்புள்ளியின் இடத்தில் "இ" என்ற எழுத்தும் இருக்கின்றன. கண் மூடித் திறப்பதற்குள், நாற்பது பக்கங்களிலும் உள்ள மெய்யெழுத்துகள் எல்லாம் புள்ளியை இழந்து, பக்கத்தில் ஓர் இகரத்தோடு நின்றன. "தமிழ்" என்பது "தமிழஇ" என்று ஆகிவிட்டது. கோப்பைச் சேமித்தும் விட்டார். முந்திய நாளின் பிரதியிலிருந்து தொடங்கி, அன்றிரவு முழுவதும் விழித்திருந்து திருத்தங்களை மறுபடியும் ஏற்றினோம். அந்தத் தம்பியைக் குறை சொல்வது நியாயமாகாது. அந்த எழுத்துருவின் அமைப்பை யாரும் அவருக்கு விளக்கியிருக்கவில்லை.

ஆகவே சகோதரி, மெய்ப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது "அரைப்புள்ளியை மீண்டும் இடவும்" என்று பொதுவாக எழுதிக் கொடுக்காதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு மையால் குறியை இட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்க ஓரத்திலும் அதே குறியை எழுதுங்கள். ஒருங்குறியில் தட்டியிருந்தால் வேலை இலகுவாக முடியும். பாமினியில் என்றால் ஒவ்வொன்றாகத்தான் இட வேண்டியிருக்கும். இரண்டாவது மெய்ப்பையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.


உவர்மலை வாசகன்:

நான் மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன். துயரில் இருக்கும் சகோதரி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் இந்தக் குறி இல்லாமலே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எழுதப்பட்டது. கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரிந்த பதிகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தர் "நிரைகழல் அரவம்" என்று தொடங்கி, நான்கு அடிகள் கடந்து, "கோணமா மலையமர்ந்தாரே" என்று முடிக்கிறார். இடையில் ஒரு குறியும் இல்லை. பொருளும் எங்கேயும் தடுமாறவில்லை. ஏட்டுச் சுவடியில் காற்புள்ளியே இல்லாதபோது அரைப்புள்ளி எங்கிருந்து வரும்?

இன்றைய வாசிப்போ பெரும்பாலும் கைத்தொலைபேசியில் நடக்கிறது. சிறு திரையில் காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படுவதில்லை. வாக்கியத்தைச் சிறிதாக்கி முற்றுப்புள்ளி இட்டால் எல்லோருக்கும் விளங்கும். "அப்பா விடியுமுன் கடற்கரைக்குப் போவார். கரைவலை இழுப்பவர்களோடு தானும் ஒரு கை பிடிப்பார். பங்கு கேட்கமாட்டார்." இதில் எந்த மயக்கமும் இல்லையே. ஆசிரியர் ஐயா சொன்ன "போவார்" சிக்கலும் தீர்ந்துவிடுகிறது.


நொத்தாரிசு அலுவலக எழுதுவினைஞர்:

வாக்கியங்களைப் பற்றி ஆசிரியர் ஐயா பேசட்டும். நான்காவது இடத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனெனில் அது எங்கள் அன்றாடத் தொழில்.

காணி உறுதியில் எல்லைகளை எழுதும்போது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்கள் வரும். "வடக்கில் ஒழுங்கை, கிணறு, கிழக்கில் மதில், தென்னை இரண்டு, தெற்கில் வீதி" என்று காற்புள்ளியால் மட்டும் எழுதினால் எங்கே குழப்பம் வரும் என்பதைப் பாருங்கள். அந்தக் கிணறு வடக்கு எல்லையில் உள்ளதா, அல்லது "கிணறு, கிழக்கில் மதில்" என்று சேர்த்து வாசித்துக் கிழக்கு எல்லைக்கு உரியது என்று வாதிடலாமா? ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவரும் 60 பேர்ச்சஸ் காணியைப் பிரித்துக்கொண்ட பின்னர், பழைய உறுதியில் இருந்த இப்படியொரு வரியை வைத்துக் கிணற்றுப் பங்கு பற்றி ஆறு மாதம் பேசாமல் இருந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். "வடக்கில் ஒழுங்கை, கிணறு; கிழக்கில் மதில், தென்னை இரண்டு; தெற்கில் வீதி" என்று எழுதியிருந்தால், அந்த ஆறு மாதமும் அவர்கள் ஒரே முற்றத்தில் இருந்து தேநீர் குடித்திருப்பார்கள்.

சட்டங்களின் தமிழ் வாசகத்திலும் (அ), (ஆ) என்று வரும் பந்திகள் அரைப்புள்ளியால் பிரிக்கப்படுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பந்திக்குள்ளும் காற்புள்ளிகள் இருக்கும் என்பதால், பந்தியைப் பந்தியிலிருந்து பிரிப்பதற்கு அதைவிட வலிய குறி ஒன்று வேண்டும்.

சகோதரி எழுதிய பிள்ளைகளின் விபரமும் அப்படிப்பட்டதே. மெய்ப்பில் "பேரன்மார் இருவர், மட்டக்களப்பில் இளைய மகள்" என்று வந்திருந்தால், பேரன்மார் கனடாவில் இருக்கிறார்களா மட்டக்களப்பில் இருக்கிறார்களா என்று தூரத்து உறவினர் கேட்கத்தான் செய்வார்கள். இங்கே முற்றுப்புள்ளி இடவும் முடியாது. ஏனெனில் இவை வாக்கியங்களே அல்ல. உவர்மலை வாசகன் அவர்கள் இந்த இடத்துக்கு என்ன குறியைப் பரிந்துரைப்பார் என்று அறிய விரும்புகிறேன்.


உவர்மலை வாசகன்:

பட்டியலைப் பொறுத்தவரை ஏற்றுக்கொள்கிறேன். ஊருக்கு ஒரு வரியாகத் தனித்தனியே அச்சிடலாம் என்று எழுத நினைத்தேன். ஆனால் நினைவு மலரில் இடம் போதாது என்பதும் தெரியும். வாக்கியங்களைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.


மூதூர்த் தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி கேட்டது நல்ல கேள்வி. முழுமையாக விடை சொல்ல வேண்டியது என் கடமை.

ஏட்டில் குறி இல்லை என்பது உண்மை. ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி இடாமல் எழுதினார்கள். ஆனால் நிறுத்தம் இல்லாமல் எழுதினார்கள் என்று அதற்குப் பொருளாகாது. செய்யுளில் அடியும் சீரும் எதுகையும் நிறுத்தும் இடத்தைக் காட்டின. பதிகத்தில் பண்ணும் சேர்ந்து காட்டியது. உரைநடையில் எழுதிய உரையாசிரியர்களுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. அதனால்தான் அவர்கள் "என்க", "என்பதாம்", "என்றவாறு" போன்ற சொற்களைக் கருத்து முடியும் இடங்களில் வைத்தார்கள். நாம் இன்று குறியால் செய்வதை அவர்கள் சொல்லால் செய்தார்கள். தேவை அன்றும் இருந்தது என்பதற்கு அந்தச் சொற்களே சான்று.

நீங்கள் காட்டிய அதே முதற்பாட்டில் "வடிவினர்" என்றும் "விடையர்" என்றும் வருகின்றன. அவை பெயரா, குறிப்பு முற்றா? பாடும்போது அந்தக் கேள்வி எழாது. பொருள் எழுதத் தொடங்கினால் எழும். "உமையம்மையைப் பாகமாகக் கொண்ட வடிவினர்; இடபக் கொடியை உடையவர்; கோணமாமலையில் அமர்ந்தவர்" என்று நான் வகுப்பில் எழுதிப் போடும்போது, அரைப்புள்ளி இல்லாவிட்டால் மூன்று வேறு ஆட்களைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

இன்னும் ஒன்று. முற்றையும் எச்சத்தையும் பிரித்துக் காட்டும் அக்கறை தமிழுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. "கற்க கசடறக் கற்பவை" என்ற குறளில், "கற்க" என்பதை அடுத்து ஏன் ஒற்று மிகவில்லை? அது வியங்கோள் வினைமுற்று. முற்று என்பதால் "க்" வரவில்லை. அதுவே எச்சமாக இருந்திருந்தால், "கற்கக் கற்க" என்பதில் போல ஒற்று மிக்கு வந்திருக்கும். இங்கே நிறுத்து, இங்கே சேர் என்று புணர்ச்சியே சொல்கிறது. அந்தக் குறளை உரைநடையாக்கினால், "கற்க வேண்டியவற்றைக் குற்றமறக் கற்க; கற்றபின் அதற்குத் தக்கவாறு நிற்க" என்று எழுதுவேன். இரண்டு கட்டளைகள், இரண்டும் முற்றுகள். ஆனால் ஒன்றை விட்டு ஒன்று நில்லாது. அந்த இடத்தில் முற்றுப்புள்ளி இட என் கை எழாது.

குறியின் வடிவம் வெளியிலிருந்து வந்தது என்பதை மறுக்கவில்லை. 1490களில் வெனிஸ் நகரத்தில் அல்டஸ் மனூசியஸ் என்பவரின் அச்சுக்கூடத்தில் இன்றைய பொருளில் அது முதலில் பயன்பட்டது. கிரேக்கர்களோ அதே வடிவத்தைக் கேள்விக்குறியாக வைத்திருக்கிறார்கள். எந்த மொழியும் தனக்கு வேண்டியபடி அதைப் பழக்கிக்கொள்ளலாம் என்பதை இதிலிருந்தே அறியலாம். தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை ஒழுங்காக இட்டுக் காட்டியவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டவரான ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்ததால், ஆங்கில உரைநடையின் குறிகளை அவர் நெருக்கமாக அறிந்திருந்தார். பின்னர் வண்ணார்பண்ணையில் தாமே அச்சுக்கூடம் அமைத்துச் சைவ நூல்களை அச்சிட்டபோது, அந்தக் குறிகளைத் தமிழின் முற்றுக்கும் எச்சத்துக்கும் பொருந்துமாறு வைத்தார். 1879 இல் மறைந்த அந்தப் பெரியவர் சமயத்திலும் மொழியிலும் அந்நியத்தை எளிதில் ஏற்றவர் அல்லர். அவர் ஏற்றுக்கொண்ட ஒரு குறியை, "ஆங்கிலத்துக்கு உரியது" என்று நாம் தள்ளிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்படிப் பார்த்தால் முற்றுப்புள்ளியையும் தள்ள வேண்டியிருக்கும்.

தம்பி பிரித்து எழுதிய மூன்று சிறு வாக்கியங்களில் பிழை இல்லை, மயக்கமும் இல்லை. ஆனால் அந்தத் தகப்பனாரின் காலைப்பொழுது மூன்று துண்டுகளாகிவிட்டது. போவது, கை பிடிப்பது, பங்கு கேளாமல் திரும்புவது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த மனிதர். "பங்கு கேட்கமாட்டார்" என்பது தனி வாக்கியமாக நின்றால், வேறு எந்த இடத்திலும் கேட்கமாட்டார் என்று பொதுப்படையாகிவிடுகிறது. மகள் சொல்ல வந்தது அதுவன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் ஊர் வழக்கில் "புள்ளி" என்றால் பரீட்சையில் கிடைக்கும் மதிப்பெண்ணும் ஆகும். அதனால் தரம் 10 இல் "அரைப்புள்ளி இடுக" என்று நான் சொன்னபோது, அரைப் புள்ளிதானா கிடைக்கும் என்று கேட்ட மாணவர்கள் இருந்தார்கள். பொருள் விளங்கியபின், வேறு சிலர் "ஆனால்", "ஆகவே", "எனவே" என்ற சொற்களுக்கு முன்னால் எல்லாம் அதை இடத் தொடங்கி, ஒரு பந்தி முழுவதையும் ஒரே வாக்கியமாக்கிக் கொண்டுவந்து தந்தார்கள். அந்தச் சொற்கள் வந்தால், முன்னைய வாக்கியம் குறுகியதாக இருந்தாலன்றி, முற்றுப்புள்ளியே நல்லது. ஒரு பக்கத்தில் நான்கைந்துக்கு மேல் அரைப்புள்ளி வந்தால், எழுதியதை மறுபடி வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம்.


உப்புவெளி மகள்:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

முதலாவது வாக்கியத்தில் இரண்டு அரைப்புள்ளிகளையும் மீண்டும் இட்டுவிட்டேன். "போவார்" என்பதைப் பெயராகவும் வாசிக்கலாம் என்பது எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை. இப்போது மெய்ப்பை எடுத்தால் அப்படித்தான் முதலில் கண்ணில் படுகிறது. மூன்றாவதில் என் பிழையை ஏற்றுக்கொண்டு, காற்புள்ளிகளை அப்படியே விட்டிருக்கிறேன். மெய்ப்பாளருக்கும் அதைச் சொல்லி நன்றி தெரிவிப்பேன். நேற்றுத் தொலைபேசியில் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன். நான்காவதை எழுதுவினைஞர் அவர்கள் சொன்னவாறே சரிசெய்தேன். ஒழுங்கை, கிணறு பற்றி அவர் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய் எங்கள் வீட்டு உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் முடிவெடுக்க முடியாமல் இருந்தேன். உவர்மலை வாசகன் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆசிரியர் ஐயா வாசித்துப் பார்க்கச் சொன்னதால், அந்தப் பக்கத்தை அம்மாவிடம் கொடுத்து, குறி ஒன்றும் இடாமல், சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "அவர் அதிகம் பேசமாட்டார்" என்று வாசித்துச் சற்று நிறுத்தினார். குரல் கீழே இறங்கவில்லை, மூச்சும் எடுக்கவில்லை. பிறகு "பேசினால் அதற்கு மறுபேச்சு இருக்காது" என்று வாசித்து, அங்கேதான் குரலை இறக்கினார். நான் சிவப்புப் பேனாவால் முதல் இடத்தில் அரைப்புள்ளியை இட்டு, வட்டம் போட்டு, ஓரத்திலும் எழுதினேன்.

நாளைக் காலை முதல் பேருந்தில் நகரத்துக்குப் போய் மெய்ப்பைக் கையிலேயே கொடுக்கப்போகிறேன். பாமினியா, ஒருங்குறியா என்று கேட்டுக்கொண்டு, இரண்டாவது மெய்ப்பு எப்போது கிடைக்கும் என்பதையும் கேட்டு வருவேன்.